வெந்த கைக்குக் களிம்பு எங்கே?

நடவுக்கு இறங்கியவர் காலில் சேற்றுப்புண். முந்திரிக்கொட்டை உடைப்பவர் கையில் எண்ணெய் பட்ட புண். சிமெண்ட் கலவை சுமப்பவர் விரலில் வெடிப்பு. அரியலூர் மாவட்டத்தில் விக்கிரமங்கலம் தொடங்கி ஜெயங்கொண்டம், செந்துறை, ஆண்டிமடம் வரை உழைக்கிற மக்களின் தோலைப் பார்த்தே அவர்கள் செய்யும் தொழிலைச் சொல்லிவிடலாம். வேலை தோலில் எழுதி வைத்துவிட்டுப் போகிறது. எழுதியதைத் துடைக்க ஒரு டியூப் களிம்பு வேண்டும். அந்த டியூப்பைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

அற்ப விஷயத்துக்குத் தலையங்கமா என்று சிலர் கேட்கலாம். கூலி, நிலம், ரேஷன் என்று எத்தனையோ பிரச்னைகள் இருக்க, சொறிக்கும் சிரங்குக்கும் இவ்வளவு இடமா? நாம் சொல்கிறோம்: அன்றாடம் கூலிக்குப் போகிறவனுக்குக் கையும் காலும்தான் மூலதனம். கை வீங்கினால் அன்றைய கூலி போயிற்று. கால் புரையோடினால் ஒரு நடவுப் பருவமே போயிற்று. சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் காலே போகும். விரல் இடுக்கில் வந்த புண்ணை அற்பம் என்று நினைக்க முடிகிறவன், சேற்றில் நின்று பிழைக்க வேண்டிய அவசியம் இல்லாதவன்.

முதலில் முந்திரியைப் பார்ப்போம். செந்துறையும் ஆண்டிமடமும் ஜெயங்கொண்டமும் முந்திரிக்குப் பேர் போன பூமி. கொட்டையின் ஓட்டுக்குள் தேன்கூடு போன்ற அறைகளில் ஓர் எண்ணெய் இருக்கிறது. அனகார்டிக் அமிலமும் கார்டால் என்ற பொருளும் சேர்ந்த எண்ணெய் அது. தோலில் பட்டால் எரியும், கொப்புளிக்கும், கருக்கும், பிறகு உரியும். உள்ளங்கை ரேகையே தெரியாமல் கறுத்துப்போன பெண்களை முந்திரி உடைக்கும் ஊர்களில் யாரும் பார்க்கலாம். சாம்பலைத் தொட்டுக்கொண்டும் விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டும் அவர்கள் உடைக்கிறார்கள். கையுறை போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்கும் புத்திசாலிகள் ஒரு நாள் உட்கார்ந்து உடைத்துப் பார்க்கட்டும். கணக்குக் கூலி, கிலோவுக்கு இவ்வளவு. தடித்த கையுறைக்குள் விரல் ஓடாது. பருப்பு உடையாமல் முழுசாக வர வேண்டும். உடைந்தால் விலை குறையும், திட்டு விழும். ஆகையால் கையுறையைக் கழற்றி வைக்கும்படி செய்வது அந்தப் பெண்ணின் அறியாமையல்ல, கூலி முறைதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தொழிலாளியின் கையை வேகவைக்கும் அந்த எண்ணெய் குப்பையில் கொட்டப்படுவதில்லை. ஓட்டைப் பிழிந்து எடுத்த எண்ணெய்க்கு நல்ல மார்க்கெட் இருக்கிறது. மோட்டார் வண்டிகளின் பிரேக் பட்டைக்கும், வர்ணத்துக்கும், பிசின் வகைகளுக்கும் அது கச்சாப் பொருள். பருப்பை விற்றும் காசு, ஓட்டை விற்றும் காசு, ஓட்டின் எண்ணெயை விற்றும் காசு. அந்த எண்ணெயால் வந்த புண்ணுக்குக் களிம்பு வாங்கும் செலவு மட்டும் உடைத்தவள் கணக்கில்!

அடுத்தது சேறு. விக்கிரமங்கலம் பக்கத்து நெல் வயலில் நாற்றுப் பறிப்பவரும் நடுபவரும் களையெடுப்பவரும் நாள் முழுவதும் நீரில் நிற்கிறார்கள். கால் விரல் இடுக்கின் தோல் ஊறி வெளுக்கிறது, பிறகு பிய்கிறது. அதற்குள் பூஞ்சையும் கிருமியும் குடியேறுகின்றன. இரவில் மருதாணியை அரைத்து வைத்துக் கட்டுவார்கள், மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துப் போடுவார்கள். இவற்றை ஏளனம் செய்ய நாம் தயாரில்லை. வேறு எதுவும் கிடைக்காத காலத்தில் மக்கள் தாங்களே கண்டுபிடித்த கைவைத்தியம் இது. ஆனால் மறுநாள் காலையில் அதே கால் அதே சேற்றில் இறங்கினால் எந்த மருந்து நிற்கும்? திறந்த புண்ணோடு வயலில் நிற்பதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி உடம்புக்குள் நுழைவதற்கு இந்தப் புண்தான் வாசல். சேற்றுப்புண் என்று அலட்சியம் செய்யப்பட்டது ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் காய்ச்சலாக முடியக்கூடும்.

சிமெண்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஈரமான சிமெண்ட் காரம் மிகுந்தது, தோலை அரிக்கும். அதில் கலந்துள்ள குரோமியம் உப்பு சிலருக்கு ஆயுள் முழுவதும் தீராத ஒவ்வாமையைக் கொடுத்துவிடுகிறது. டென்மார்க் 1983லேயே சிமெண்டில் கரையும் குரோமியத்தின் அளவுக்குச் சட்டப்படி வரம்பு கட்டியது. 2005ல் ஐரோப்பிய யூனியன் முழுவதும் அந்த வரம்பு வந்தது. சிமெண்டோடு சிறிது இரும்பு சல்பேட் சேர்த்தால் போதும், பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. சுண்ணாம்புக் கல்லைத் தோண்டித் தோண்டி மாவட்டத்தையே பள்ளமாக்கியிருக்கிற சிமெண்ட் முதலாளிகளால் இந்தச் செலவைத் தாங்க முடியாதா?

ஆக, புண் வந்துவிட்டது. தொழிலாளி எங்கே போகிறார்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெளிநோயாளிகளைப் பார்ப்பது பகலில். வயலிலும் கொட்டகையிலும் வேலை நடப்பதும் பகலில். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் விரல் இடுக்கைக் காட்டப் போவார்கள்? பொழுது சாய்ந்து வீடு திரும்பும் வழியில் மருந்துக்கடை திறந்திருக்கிறது. "அண்ணே, அரிப்பு தாங்கல. ஏதாச்சும் ஒரு டியூப் குடுங்க." கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். சீட்டு இல்லை, விசாரணை இல்லை. இரண்டே நாளில் அரிப்பு நிற்கிறது. "நல்ல மருந்து!" என்று பக்கத்து வீட்டுக்காரிக்கும் சொல்லியாகிறது. விபத்து தொடங்குவது இங்கேதான்.

டியூப்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். களிம்பு, கிரீம், ஜெல் என்று மூன்று பெயர்களில் விற்கிறார்கள். மெழுகும் வாஸ்லினும் போன்ற பிசுக்கில் குழைத்தது களிம்பு. வறண்டு வெடித்த தோலுக்கு அது ஏற்றது. எண்ணெயும் நீரும் கலந்தது கிரீம். பெரும்பகுதி நீராக, பாகுபோல் கட்டியிருப்பது ஜெல். பிசுக்கில்லை, குளிர்ச்சியாக இருக்கும், சீக்கிரம் காயும். புண்ணைக் காற்றாட விட்டுக் காய வைப்பதைவிட, சுத்தம் செய்து ஈரப்பதத்தோடு மூடி வைத்தால் விரைவில் ஆறும் என்று ஜார்ஜ் விண்டர் என்ற விஞ்ஞானி 1962ல் நிரூபித்தார். சில வகைக் காயங்களுக்கு ஜெல் பயன்படுவதற்கு அதுவே அடிப்படை. இவையெல்லாம் விஞ்ஞானம் தந்த வசதிகள். தீப்புண்ணுக்கு இடும் வெள்ளி சல்ஃபாடயசின் கிரீம் 1968ல் அமெரிக்காவில் சார்லஸ் ஃபாக்ஸ் என்பவர் வெளியிட்டது. உலகெங்கும் எத்தனையோ பேருக்குப் பயன்பட்டிருக்கிறது. விஞ்ஞானத்தோடு நமக்குச் சண்டையில்லை.

ஆனால் கணக்குப் பாருங்கள். 1 சதவிகித மருந்து என்று அச்சிட்ட 15 கிராம் டியூப்பில் இருக்கும் அசல் மருந்து 150 மில்லிகிராம். அதாவது, டியூப்பின் எடையில் நூற்றில் ஒரு பங்குதான் மருந்து. மீதி மெழுகு, தண்ணீர், வாசனை, பளபளக்கும் அட்டைப்பெட்டி. பிறகு அந்தப் பெட்டியை டாக்டரின் மேஜைக்குக் கொண்டுபோகும் செலவு, கடைக்காரருக்குக் கொடுக்கும் சலுகைச் சரக்கு, கம்பெனியின் லாபம். இத்தனையையும் சேர்த்து ஏழை தன் புண்ணில் தடவுகிறான்.

விலையைவிடப் பெரிய கொடுமை கலவையில் இருக்கிறது. ஒரே டியூப்பில் பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்று அல்லது இரண்டு, அதன் மேல் வலுவான ஸ்டீராய்டு ஒன்று. எந்த நோயென்று பார்க்கவே வேண்டாம். ஏதாவது ஒன்று கேட்கும் என்ற கண்மூடி வைத்தியம். வேட்டைக்காரன் பறவையைப் பார்க்காமலே கொத்துக் குண்டு சுடுவது போல.

ஸ்டீராய்டு விஷமல்ல. தோலுக்கு ஹைட்ரோகார்டிசோன் களிம்பு பயன்படுவது 1952ல் தெரியவந்தது. கரப்பானும் காளாஞ்சகப்படையும் பிடித்து வதைபட்டவர்களுக்கு அது வரப்பிரசாதமாக வந்தது. டாக்டர் பார்த்து, இந்த இடத்தில், இத்தனை நாள் என்று சொல்லிக் கொடுத்தால் இன்றும் அப்படித்தான். ஆனால் அதன் வேலை என்ன? உடம்பு கிருமியோடு நடத்தும் போரை அது நிறுத்திவைக்கிறது. சிவப்பு குறையும், அரிப்பு அடங்கும். நோயாளி குணமாகிவிட்டதாக நினைக்கிறார். போர் நின்ற இடத்தில் பூஞ்சை சத்தமில்லாமல் நாலாபக்கமும் பரவுகிறது. இப்படி உருமாறிக் கிடக்கும் படர்தாமரையை அடையாளம் கண்டு பிரிட்டிஷ் டாக்டர்கள் இருவர் 1968லேயே எழுதிவிட்டார்கள். களிம்பை நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது, மீண்டும் டியூப். தோல் காகிதம்போல் மெலிகிறது, வரி வரியாக வெடிக்கிறது. குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு 10,000 பங்கில் 5 பங்கு மட்டுமே சேர்க்கப்படுகிறது. ஆனாலும் அது பழைய ஹைட்ரோகார்டிசோனைவிடப் பல நூறு மடங்கு வலுவுள்ளதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் தடவக் கூடாது என்பது மருத்துவ விதி. நம் ஊர்களில் இதை மாதக்கணக்கில் தடவுகிறார்கள். குழந்தையின் இடுப்பில் தடவுகிறார்கள். நிறம் வெளுக்கும் என்ற ஆசையில் முகத்திலும் பூசுகிறார்கள். நாட்டின் 12 மையங்களில் தோல் வைத்தியத்துக்கு வந்த 2,926 பேரைப் பார்த்து 2011ல் வெளியிட்ட ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசியவர்கள் என்று தெரிந்தது. கறுப்பு என்றால் கேவலம் என்று சொல்லிச் சொல்லியே களிம்பு விற்கும் சமுதாயத்தில் இது ஆச்சரியமல்ல.

இதன் பலன் இன்று நாடு தாண்டியும் தெரிகிறது. டெர்பினாஃபின் என்ற நல்ல பூஞ்சை மருந்துக்கே அடங்காத ஒரு புதிய பூஞ்சை வகை கிளம்பியிருக்கிறது. 2020ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அதற்கு வைத்த பெயரிலேயே நம் நாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டது: ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே. 2023 மே மாதத்தில் நியூயார்க்கில் இரண்டு பேரிடம் அது கண்டுபிடிக்கப்பட்டதாக அமெரிக்க சர்க்காரின் நோய்த் தடுப்பு மையம் அறிவித்தது. இந்தியக் களிம்பு வியாபாரத்துக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகத் தோல் டாக்டர்களே சந்தேகத்தோடு சுட்டுகிறார்கள். ஏற்றுமதி என்று பெருமைப்பட இப்படியும் ஒன்று!

சர்க்காருக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தைப் பற்றி 2012 மே மாதத்தில் பார்லிமெண்ட் நிலைக்குழு தன் 59வது அறிக்கையைக் கொடுத்தது. மருந்துக் கம்பெனிகளும் அதிகாரிகளும் சில நிபுணர்களும் கூடிக் குலவுவதை அது பகிரங்கமாக எழுதியது. மத்திய அனுமதி பெறாத கலவை மருந்துகளுக்கு ராஜ்ய அதிகாரிகளே லைசென்ஸ் கொடுத்துவந்ததையும் அது கண்டித்தது. அதன் பிறகு கோகடே குழு ஆராய்ந்தது. 2016 மார்ச் 10ஆம் தேதி 344 கலவை மருந்துகள் தடை செய்யப்பட்டன. தோலுக்குப் போடும் கலவைகளும் அவற்றில் இருந்தன. கம்பெனிகள் கோர்ட்டுக்கு ஓடின. அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி டில்லி ஹைகோர்ட் தடையை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் மறுபடி ஆராயச் சொன்னது. 2018 செப்டம்பரில் 328 கலவைகள் தடைப்பட்டன. 2024 ஆகஸ்டில் மேலும் 156; புண்ணுக்கும் தோலுக்கும் போடும் கிரீம்களும் ஜெல்களும் இவற்றிலும் பல.

இரண்டரை ஆண்டுக் காலம் வக்கீல்கள் வாதாடினார்கள். அந்த இரண்டரை ஆண்டும் டியூப் விற்றது. தடை வந்தாலும் கம்பெனிகளுக்கு வழி தெரியும்: கலவையிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்த்தால் அது சட்டத்தின் கண்ணில் வேறு மருந்து. பெயரின் வாலில் ஓர் எழுத்து மாறும், பெட்டியின் நிறம் மாறும். தடைப்பட்டியலில் ஒன்றொன்றாகப் பெயர் சேர்ப்பது, ஓட்டைப் பானையில் ஒவ்வொரு ஓட்டையாக விரல் வைப்பது போன்றது. எந்தக் கலவைக்கு விஞ்ஞான ஆதாரம் இருக்கிறதோ அதற்கு மட்டும் அனுமதி என்று தலைகீழாக மாற்றினாலன்றி இது தீராது.

தோலில் பூசும் ஸ்டீராய்டுகளின் கதையும் இதுதான். டாக்டர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளுக்கு 'எச்' அட்டவணை என்று ஒன்று உண்டு. வெளிப்பூச்சு மருந்துகளுக்கு அதில் நெடுங்காலம் விலக்கு இருந்தது. தோல் டாக்டர்களின் சங்கம் ஆண்டுக்கணக்கில் முறையிட்ட பிறகு, 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு பூச்சுகள் அட்டவணைக்குள் வந்தன. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் காகிதத்தில் வந்தது கடைத்தெருவுக்கு வந்ததா? விக்கிரமங்கலத்தில் வேண்டாம், சென்னையிலேயே கேட்டுப் பார்க்கட்டும்.

கம்பெனிகள் ஏன் கலக்கின்றன என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நோயாளியின் நன்மைக்காக என்று அவை சொல்லும். விலைக் கட்டுப்பாட்டு உத்தரவைப் பிரித்துப் படித்தால் வேறொரு காரணம் தெரியும். 2013 உத்தரவுப்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துக்கு, அதே வீரியத்தில், அதே வடிவத்தில் இருந்தால்தான் உச்சவரம்பு விலை. வெள்ளி சல்ஃபாடயசின் தனியாக இருந்தால் வரம்பு. 2022 பட்டியலில் சேர்ந்த முப்பிரோசின் களிம்புக்கும் வரம்பு. ஆனால் பட்டியலில் இல்லாத கலவையாக ஆக்கிவிட்டால் வரம்பு இல்லை! பிறகு ஆண்டுக்கு 10 சதவிகிதம் வரை ஏற்றிக்கொள்ளலாம். அப்படியானால் இரண்டாவது மூன்றாவது மருந்துகளை டியூப்பில் சேர்ப்பது வைத்தியமா, வியாபாரமா? வரம்புக்கு உட்பட்டவற்றையும் சர்க்கார் சும்மா விடவில்லை. மொத்த விலைக் குறியீட்டைக் காட்டி 2022 ஏப்ரலில் 10.77 சதவிகிதமும் 2023 ஏப்ரலில் 12.12 சதவிகிதமும் உயர்த்த அனுமதித்தது. 1995 உத்தரவில் உற்பத்திச் செலவை வைத்து விலை கட்டினார்கள். 2013ல் அதைக் கைவிட்டு, கடையில் விற்கும் பிராண்டுகளின் விலைச் சராசரியையே வரம்பாக்கினார்கள். விலையைக் கொள்ளைக்காரனே சொல்ல, அதையே நியாய விலை என்று முத்திரை குத்துவது இது. 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளின் மீதான ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது உண்மை. புண்ணுக்கு எதற்கு 5 சதவிகித வரி என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இந்தக் கொள்ளை புதிதல்ல. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க செனட்டில் கீஃபாவர் குழு மருந்துக் கம்பெனிகளை விசாரித்தபோது, மருந்து விலை மிக அதிகமுள்ள நாடுகளில் ஒன்றாக ஏழை இந்தியாவைச் சுட்டியது. அந்நிய கம்பெனிகளின் பிடியிலிருந்து விடுபட அரசுத் துறையில் மருந்து ஆலைகள் வந்தன. 1954ல் புனாவுக்கு அருகே பிம்ப்ரியில் பென்சிலின் ஆலை. 1961ல் சோவியத் உதவியோடு ஐ.டி.பி.எல். அதன் ஆலைகள் ரிஷிகேசத்திலும் ஹைதராபாத்திலும், அறுவைக் கருவிகளுக்காகச் சென்னையிலும் எழுந்தன. 1970ல் புதிய பேடண்ட் சட்டம் வந்தது. 1975ல் ஹாத்தி குழு 117 மருந்துகளை அத்தியாவசியமானவை என்று பட்டியலிட்டது. பிராண்ட் பெயரை ஒழித்து மருந்தின் சொந்தப் பெயரில் விற்க வழி செய்யுமாறும் சொன்னது. இந்த நாட்டின் மருந்துத் தொழில் தலையெடுத்தது இந்த அடித்தளத்தின் மேல். பிறகு நடந்தது என்ன? அரசு ஆலைகள் நோயாளியாக்கப்பட்டன. 2016 டிசம்பரில் ஐ.டி.பி.எல்.லை மூடவும், பிம்ப்ரி ஆலையையும், ஆச்சார்யா பிரபுல்ல சந்திர ராய் 1901ல் நிறுவிய பெங்கால் கெமிக்கல்ஸையும் தனியாருக்கு விற்கவும் மத்திய மந்திரிசபை முடிவெடுத்தது. வாஸ்லினில் மருந்து குழைத்து டியூப்பில் அடைப்பது ராக்கெட் விடும் வித்தையல்ல. அரசு ஆலையால் செய்ய முடியாதா? முடியும். செய்ய விடவில்லை.

தமிழ்நாட்டில் கைக்கெட்டிய தூரத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருப்பதையும் சொல்லியாக வேண்டும். 1994ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்தின் சொந்தப் பெயரில் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு இலவசமாக வழங்க அனுப்புகிறது. வேறு ராஜ்யங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய முறை இது. விளம்பரமும் சலுகைச் சரக்கும் கழிந்தால் மருந்து எவ்வளவு மலிவு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பென்சாயிக் அமிலம் 6 பங்கும் சாலிசிலிக் அமிலம் 3 பங்கும் சேர்ந்த வொயிட்ஃபீல்டு களிம்பு, நூறாண்டுக்கு மேலாகப் படைக்கு மருந்து. நாற்றமடிக்கும், எரியும், பெட்டியில் அழகி படம் கிடையாது. ஆனால் ஸ்டீராய்டு இல்லை, பூஞ்சை மறைந்து வளராது. இப்படிப்பட்ட சாதாரண மருந்துகள் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலும் எந்நாளும் இருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் சர்க்கரை நோயாளியின் வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோகிறார்கள். போகும்போது காலையும் பார்த்து, கட்டுப்போடும் துணியும் களிம்பும் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். 2025 பிப்ரவரியில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். அவற்றில் கலவை டியூப்புக்கு இடமில்லை என்று ஓர் உத்தரவு போட்டால் என்ன குடிமுழுகிவிடும்?

சில கனவான்கள் சொல்வார்கள்: மக்களுக்கு விழிப்பில்லை, டாக்டரிடம் போவதில்லை, கண்டதைத் தடவுகிறார்கள். விழிப்பை யார் கெடுத்தது? சொறி சிரங்கு மருந்து விளம்பரம் இல்லாத பஞ்சாங்கம் ஒரு காலத்தில் உண்டா? இன்று அந்த வேலையைத் தொலைக்காட்சியும் செல்போனும் செய்கின்றன. சிவந்த தோல் மூன்றே விநாடியில் பளிங்காகிறது! மருந்துக்கடைக்காரரையும் நாம் எதிரியாக நினைக்கவில்லை. அவரில் பலர் சிறு முதல் போட்டுப் பிழைக்கிறவர்கள். கம்பெனி தள்ளுகிற சரக்கை அவர் விற்கிறார். தோல் டாக்டர் இருக்கிற இடம் வெகு தூரம். அரியலூரில் 2022ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது பெரிய நன்மை. அங்கிருந்து வாரம் ஒரு நாள் மாலை ஒரு தோல் டாக்டர் விக்கிரமங்கலம் போன்ற ஊர்களுக்கு வந்து உட்கார்ந்தால், வேலை முடிந்து வருகிற பெண்கள் வரிசையில் நிற்பார்கள். "ஜனங்கள் வருவதில்லை" என்ற பேச்சு அப்போது எங்கே போகும் என்று பார்ப்போம்.

ஆனால் களிம்பு மட்டும் போதாது. எண்ணெய் கையில் படுகிறவரை புண் வரும். தொழிலால் வரும் தோல் நோய் சட்டத்துக்குப் புதியதல்ல. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை, இரசாயனங்கள் பட்டு வரும் தோல் அழற்சியை அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகவே வைத்திருந்தது. 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அப்படிப்பட்ட அட்டவணை உண்டு. ஆனால் அதே தொகுப்பு, தொழிற்சாலை என்பதன் எல்லையைச் சுருக்கிவிட்டது. முன்பு மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை. இப்போது 20 பேர் வேண்டும். மின்சாரம் இல்லாத இடத்தில் 20 பேராக இருந்தது 40 பேராகிவிட்டது. சிறு சிறு கொட்டகைகளில் நடக்கும் முந்திரித் தொழிலுக்கு இதன் பொருள் என்ன? 15 பேர் மெஷினில் உடைக்கும் கொட்டகை நேற்றுவரை தொழிற்சாலை, இன்று அல்ல. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உடைப்பவளோ எந்தக் கணக்கிலும் இல்லை. அவள் கையின் கறுப்பு எந்த அட்டவணையிலும் ஏறாது.

ஆகவே முந்திரித் தொழிலாளர் கூலிப் பேச்சில் இனி இதுவும் ஒரு ஷரத்தாக வர வேண்டும். விரல் ஓடக்கூடிய மெல்லிய கையுறை, தடவிக்கொள்ள எண்ணெய், கை கழுவச் சோப்பும் தண்ணீரும் கொட்டகைக்காரர் செலவில். கையுறையால் வேகம் குறைந்தால் கிலோ கணக்கைக் குறைத்து அதே கூலி. புண்ணால் வேலைக்கு வர முடியாத நாளுக்குப் பாதிக் கூலியாவது வேண்டும். ஓட்டு எண்ணெய் விற்ற காசில் ஒரு சிறு பங்கு போதும் இதற்கு. விவசாயத் தொழிலாளர் தோழர்கள் நடவுக் காலத்துக்கு முன்பே சுகாதார நிலையத்து டாக்டரைக் கண்டு, சேற்றுப்புண் மருந்தும் எலிக்காய்ச்சல் தடுப்பும் வயல் வேலைக்காரருக்கு எப்போது, எங்கே கிடைக்கும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். நடவு நாட்களிலாவது வெளிநோயாளிப் பிரிவு மாலை 7 மணி வரை திறந்திருக்கும்படி கேட்க வேண்டும்.

மே 1ஆம் தேதி எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. தொழிலாளர் தினத்தில் கூடும் சபையில் உழைப்பாளியின் கையைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? விக்கிரமங்கலத்திலும் சுற்று ஊர்களிலும் தோழர்கள் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதிக் கொடுக்கட்டும்: துணை சுகாதார நிலையத்தில் எந்தெந்தக் களிம்பு, எத்தனை டியூப் இருப்பு என்று பலகையில் எழுதி வைக்க வேண்டும், சீட்டில்லாமல் ஸ்டீராய்டு டியூப் விற்பதை மருந்து ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும், வாரம் ஒரு மாலை தோல் டாக்டர் வர வேண்டும். தீர்மானத்தின் நகல் ஒன்றை மாவட்டக் கலெக்டருக்கும், இன்னொன்றை நமது காரியாலயத்துக்கும் அனுப்புங்கள். என்ன பதில் வந்தது என்பதை இதே பக்கத்தில் அச்சிடுவோம்.